ஏகமனதாக ஒரு புல்லி

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது கமருன்னிஸா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். செதில் ஒட்டிய கையோடு இரண்டு விரலால் போனை எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண்குரல். அவளுடைய மகள் ஹாஃபிஸாவை ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவின் புல்லியாக மாணவிகள் மிகப் பெரும்பான்மையான வாக்குகளில் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், நாளை காலை பெற்றோர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

கமருன்னிஸாவுக்கு வயிறு குளிர்ந்துபோனது. போன வருஷம் எதிர்வீட்டு ஆமினாவின் மகள் ஆஷிகா கிளாஸ் லீடர் ஆனாள். அதற்கே ஆமினா தெரு முழுக்க அல்வா கொடுத்து, நோன்புப் பெருநாள் வரைக்கும் அதையே பேசிக்கொண்டிருந்தாள். ஹாஃபிஸாவோ வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத பெண். அவள் எலக்‌ஷனில் ஜெயிப்பாள் என்று யார் நினைத்தார்கள்?

சவூதியில், தம்மாமில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த கணவன் ஜெகபர் அலிக்கு மிஸ்டு கால் கொடுத்தாள். அவன் திரும்பக் கூப்பிட்டு விஷயத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டான். புல்லி என்றால் என்ன வேலை என்று கேட்டான்.

“புல்லுன்னு வருதே, தோட்டத்தப் பாத்துக்குற பொறுப்பா இருக்கும்” என்றாள் கமருன்னிஸா.

மறுநாள் பெரிய டப்பா நிறைய அல்வா வாங்கிக்கொண்டு போய், பள்ளி வேனில் வந்த பிள்ளைகளுக்கும் வாசலில் நின்ற தாய்மார்களுக்கும் கொடுத்தாள். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். யாரும் என்ன விசேஷம் என்று கேட்கவில்லை. ஆமினா மட்டும் அல்வாவை வாயில் போடாமல் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த கணத்தில் கமருன்னிஸாவின் மனசில் எதுவோ லேசாக உறுத்தியது.

கிரீன் டெல்டா பன்னாட்டு மெட்ரிகுலேஷன் பள்ளி, வெட்டாற்றங்கரையில் இருபோகம் விளைந்த நிலத்தைச் செம்மண் கொட்டி மேடாக்கிக் கட்டியது. பிள்ளைகளின் அப்பாமார் பன்னாடுகளில் இருந்ததால் பள்ளியும் பன்னாட்டுப் பள்ளியாயிற்று. ஐப்பசி மழையில் யூ.கே.ஜி. வகுப்புக்குள் தவளைகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். தாளாளர் துரைராசு, பக்கத்திலிருக்கும் மாடர்ன் ரைஸ் மில்லுக்கும் சொந்தக்காரர். பிரேயர் நடக்கும்போது மில்லிலிருந்து உமி பறந்து வந்து பிள்ளைகளின் தலையில் படியும். அந்த ஆண்டு அவருக்கு ஒரு ஆசை வந்திருந்தது. சென்னையில் ஒரு கம்பெனி, ‘புல்லியற்ற வளாகம்’ என்று பள்ளிக்கூடங்களுக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை வாங்கி வாசலில் மாட்டிவிட்டால் திருவாரூரிலிருந்துகூட வேன் நிறையப் பிள்ளைகள் வரும். ஆனால் ஒரு நிபந்தனை. பள்ளி, புல்லிகளைக் கண்டுபிடித்து, திருத்தி, காட்ட வேண்டும். புல்லியே இல்லாத பள்ளிக்கு, புல்லியற்ற வளாகம் என்று சான்றிதழ் தர வழியில்லை.

இதற்காகவே நியமிக்கப்பட்டவர் மனநல ஆலோசகர் கிளமென்ட். யூனிபார்ம் துணி அடுக்கி வைத்திருந்த அறையைக் காலி செய்து அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் கமருன்னிஸாவை உட்காரச் சொல்லி, அவள் கையிலிருந்த அல்வா டப்பாவைச் சற்று நேரம் பார்த்து, ஒரு தாளில் என்னவோ குறித்துக்கொண்டார். பிறகு, மற்றப் பிள்ளைகளைச் சீண்டி, மிரட்டி, அழவைக்கிற பிள்ளைக்குத்தான் இங்கிலீஷில் புல்லி என்று பெயர் என்பதை மிகவும் கனிவாக எடுத்துச் சொன்னார்.

டப்பாவின் மூடி கமருன்னிஸாவின் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

“என் பொண்ணு யாரை என்ன பண்ணிச்சு சார்?”

“அதக் கேக்கக் கூடாதும்மா. பாதிக்கப்பட்டவங்களோட பாதுகாப்பு இருக்குல்ல.”

“பாதிக்கப்பட்டது யாருங்க?”

“அது ரகசியம். எனக்கே தெரியாது. அந்த அளவுக்கு ரகசியமா வச்சிருக்கோம்.”

வாக்குச்சீட்டில் பெயர் மட்டும்தான் எழுத வேண்டும், காரணம் எழுத வேண்டியதில்லை, காரணம் கேட்டால் பிள்ளைகள் பயப்படும் என்றார். ஆனால் வாக்கெடுப்புக்குப் பிறகு இரண்டு நாள் தாமே ஹாஃபிஸாவைக் கவனித்ததாகவும், எல்லாம் பொருந்தி வருவதாகவும் சொன்னார். அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். மற்றவர்கள் சிரிக்கும்போது சிரிப்பதில்லை. அது மௌனப் புல்லித்தனம், சத்தம் போடுவதைவிட ஆபத்து. கூட உட்கார்ந்து சாப்பிட யாரும் வராதபோது பிள்ளை தனியாகத்தானே சாப்பிடும் என்று கமருன்னிஸா கேட்டாள். “அதத்தாம்மா நானும் சொல்றேன், ஏன் வரல?” என்றார் கிளமென்ட்.

அந்த நேரம் துரைராசு உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் இரண்டு பேனா. விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஒரு தகப்பனைப் போல அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

“நான் இருபது வருஷமா அரிசி மில்லு நடத்துறவன்மா. எந்த மூட்டையா இருந்தாலும் அதுல கல்லு இருக்கும். கல்லு இல்லைன்னு ஒருத்தி சொன்னா மூட்டை சுத்தம்னு அர்த்தம் இல்ல, அவ ஒழுங்கா பொறுக்கலைன்னு அர்த்தம். போன மாசம் ஆறாம் வகுப்புல புல்லியே கெடையாதுன்னு எழுதிக் குடுத்தாங்க. டீச்சரை மாத்துனேன். இந்த மாசம் பிரிவுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பேரு கெடச்சிருக்கு. நாங்க உங்க பொண்ணைத் தண்டிக்க மாட்டோம். மன்னிப்போம். அதுதான் எங்க ஸ்கூலு.”

கமருன்னிஸா கையெழுத்துப் போட்டாள். போடாவிட்டால் பெற்றோரின் ஒத்துழைப்பின்மை என்று தனியாக ஒரு தாள் இருந்தது.

மன்னிப்பு மறுநாள் காலையே தொடங்கியது. ஹாஃபிஸாவுக்கு வராந்தாவில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் ‘சிந்தனை பெஞ்ச்’ என்று ஒன்று போட்டார்கள். தினமும் பிரேயர் முடிந்ததும் வகுப்பிலிருந்து சிலர் வரிசையாக வந்து, இன்ன காரியத்துக்காக உன்னை மன்னிக்கிறேன் என்று சொல்ல, அவள் எழுந்து நின்று ‘தேங்க்ஸ்’ சொல்ல வேண்டும். முதல் இரண்டு நாள் பிள்ளைகளுக்கு மன்னிப்பதற்குக் காரணம் கிடைக்காமல் திண்டாட்டமாக இருந்தது. ஸ்கேல் தரவில்லை, முறைத்துப் பார்த்தாள் என்று எதையோ சொன்னார்கள். பிறகு வாய் பழகிவிட்டது. பார்த்தே இராத பிள்ளைகளெல்லாம் மன்னித்தன. ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, தான் ஏழாம் வகுப்புக்கு வரும்போது ஹாஃபிஸா செய்யப்போவதற்காக முன்கூட்டியே மன்னித்துவிட்டுப் போனது. கிளமென்ட் அதைத் தனியாகப் பாராட்டினார்.

லீவு நாளான வெள்ளிக்கிழமை ஜெகபர் அலி போன் பேசுவதற்கு முன்பே செய்தி தம்மாமுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆமினாவின் கணவனும் அதே தொழிலாளர் கேம்ப்பில்தான் இருந்தான். ஜெகபர் அலி போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கமருன்னிஸாவுக்கு. மெஸ்ஸில் தன் பக்கத்தில் யாரும் தட்டு வைப்பதில்லை என்று தணிந்த குரலில் சொன்னான். “பிள்ளைய என்னதான் பாத்தே நீ?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

அதிலிருந்து அவள் மகளைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒளிந்திருந்து பார்த்தாள். பூனைக்கு மீன் முள் போடும்போது அதை ஏங்கவைத்துப் போடுகிறாளா? தண்ணீர் கேட்கும்போது குரலில் அதிகாரம் இருக்கிறதா? பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. அதிகம் பேசுகிறவர்கள், பேசாமலே இருக்கிறவர்கள், தனித்திருப்பவர்கள், எந்நேரமும் கூட்டமாக இருப்பவர்கள் ஆகியோரைப் பெற்றோர் கவனிக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. அதில் இரண்டு ஹாஃபிஸாவுக்குப் பொருந்தியது. யோசித்துப் பார்த்தால் ஊரில் எல்லோருக்குமே ஏதோ ஒன்று பொருந்தியது. ஆனால் அப்படி யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. மூன்று வயசில் பக்கத்து வீட்டுக் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி வைத்தாளே, அன்றைக்கு அதைச் சிரித்துக்கொண்டே விட்டோமே என்று தோன்றியது.

ஒரு நாள் சாயங்காலம் கேட்டே விட்டாள். யாரையாவது அடித்தாயா, கிண்டல் செய்தாயா, உண்மையைச் சொல், அம்மா ஒன்றும் செய்யமாட்டேன் என்றாள். ஹாஃபிஸா வீட்டுப்பாடத்திலிருந்து நிமிராமல், “ஆமா” என்றாள்.

பால் பொங்கி வழிந்தும் கமருன்னிஸா அடுப்பை அணைக்கவில்லை. அந்த ஆமாவை அவள் நம்பினாள். அன்று சோறு போடும்போது மகளின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. படுக்கப் போகும்போது, யாரை அடித்தாய் என்று திரும்பக் கேட்டதற்கு ஹாஃபிஸா சொன்னாள்: “யாரையும் இல்லம்மா. ஒத்துக்கிட்டா சீக்கிரம் பெஞ்ச எடுத்துடுவாங்கன்னு கிளமென்ட் சார் சொன்னாரு. மொதல்ல உங்கிட்ட சொல்லிப் பாத்தேன்.”

அந்த வாரக் கடைசியில்தான் விண்ணரசி வந்து பேசினாள். நாகப்பட்டினம் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் மகள் பிரின்ஸியும் அதே ஏழாம் வகுப்பு ‘பி’தான். பேச வந்தவள், பஸ் ஸ்டாப்பில் கமருன்னிஸாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, முகத்தை எதிர்ப்பக்கம் ஹோட்டல் போர்டைப் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டாள். வாக்கெடுப்பன்று நடந்ததைப் பிரின்ஸி சொன்னதாகச் சொன்னாள். முதல் தடவை சீட்டுக் கொடுத்தபோது வகுப்பில் எல்லோரும் ‘யாருமில்லை’ என்றுதான் எழுதினார்கள். கிளமென்ட் அதை வாங்கிப் படித்துவிட்டு, இந்த வகுப்பு ரொம்பப் பயந்துபோயிருக்கிறது என்று வருத்தப்பட்டு, புதுச் சீட்டுக் கொடுத்தார். இரண்டாம் தடவையும் அப்படியே. பெயர் வராமல் வீட்டுக்குப் போக முடியாது என்றதும் வேன் போய்விடுமே என்று பிள்ளைகளுக்குப் பதற்றம். அப்போது ஹாஃபிஸா தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தாள். யாரோ, ‘அவ பேர எழுதிடலாம், அவ இப்ப இங்க இல்ல’ என்றாள். அவ்வளவுதான்.

“பிரின்ஸி யாரு பேர எழுதிச்சு?” என்று கேட்டாள் கமருன்னிஸா. அந்த நேரத்தில் அவளுக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

“அவ மூணாவது தடவையும் யாருமில்லைன்னுதாங்க எழுதுனா. செல்லாத ஓட்டுன்னு தள்ளிட்டாங்க.” விண்ணரசி சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். “நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிடாதீங்க. எனக்கும் ஒரே பொண்ணு.”

கமருன்னிஸா பெயரைச் சொல்லவில்லை. விஷயத்தை மட்டும் கொண்டுபோய் துரைராசுவிடம் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார். இடையில் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. கடைசியில், தண்ணீர் குடிக்கப் போனாளா, யார் அனுமதியில் போனாள் என்று கேட்டார்.

அவளுடைய நல்ல காலமோ என்னவோ, சென்னையிலிருந்து ஆய்வாளர் வருகிற தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. காட்டுவதற்குத் திருந்திய புல்லி ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. ஆறாம் வகுப்பின் இரண்டு பேரும் இன்னும் அழுதுகொண்டிருந்ததால் மேடைக்கு ஆகமாட்டார்கள். ஹாஃபிஸா அழாத பெண். ஒரே நாளில் அவள் திருந்திவிட்டதாக அறிவித்தார்கள். பிரேயரில் எழுதிக்கொடுத்த நன்றியுரையை அவள் வாசித்தாள், எல்லோரும் கைதட்டினார்கள், பெஞ்சை எடுத்துவிட்டார்கள். திருந்திய புல்லிகளைக் கொண்டு ‘நட்புப் படை’ என்று ஒன்று ஆரம்பித்து, அவளுக்குப் பச்சைப் பட்டை ஒன்றைத் தோளில் மாட்டிவிட்டார்கள்.

வீடு பழையபடி ஆனது. பழையதைவிட மேலாகவே ஆனது. ஆஷிகா தினமும் வந்து ஹாஃபிஸாவைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆமினா பாத்திரத்தில் பிரியாணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “நான் அப்பவே சொன்னேன், நம்ம பிள்ள அப்படிப்பட்டது இல்லைன்னு” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று கமருன்னிஸா கேட்கவில்லை. பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. தம்மாமில் ஜெகபர் அலியின் பக்கத்தில் தட்டு வைத்தார்கள். ஹாஃபிஸா நிறையப் பேச ஆரம்பித்திருந்தாள், சிரித்தாள். எல்லாம் முடிந்தது என்று கமருன்னிஸா நிம்மதியாக இருந்தாள். அந்த நிம்மதிக்குள் ஒரு சின்னச் சந்தேகம் மட்டும் போகாமல் இருந்தது. யாரைப் பார்த்தாலும், நீ எழுதினாயா என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆய்வுக்கு முந்தின நாள், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருக்கும்போது ஹாஃபிஸா சொன்னாள், இந்த மாசத்துக்குப் பிரின்ஸி என்று.

“என்ன பிரின்ஸி?”

“புல்லி. எல்லாரும் பேசி வச்சிட்டோம். சீக்கிரம் முடிஞ்சிடும், வேனு விட்டுட்டுப் போகாது.”

“அந்தப் பொண்ணு என்னடி பண்ணிச்சு?”

“ஒண்ணும் பண்ணல. அவ எப்பவும் யாருமில்லைன்னே எழுதுறா. அதனால எல்லாருக்கும் லேட்டாவுது.” பிறகு கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டாள், “ஒரு மாசம்தானம்மா. நான் இருக்கலையா?”

கமருன்னிஸா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மகளை அடிக்க வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் ஒரே சமயத்தில் வந்தது. இரண்டையும் செய்யாமல் பின்னலை இறுக்கிப் போட்டாள்.

மறுநாள் பள்ளி மண்டபத்தில் பெற்றோர் கூட்டம். டை கட்டிய ஆய்வாளர் மேடையில் உட்கார்ந்து, இளநீர் குடித்துக்கொண்டே படங்களைப் பார்த்தார். மாதந்தோறும் திருந்துகிறவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதைக் கிளமென்ட் திரையில் காட்டினார். புல்லிகளின் எண்ணிக்கையும் கூடவே ஏறுவது விழிப்புணர்வைக் காட்டுகிறது என்றார். கடைசியில் துரைராசு எழுந்து, காலையில் நடந்த வாக்கெடுப்பில் இந்த மாதத்துக்கு ஏழாம் வகுப்பு ‘பி’யின் புல்லியாக பிரின்ஸி தேர்வாகியிருப்பதாகவும், எதையும் மூடிமறைக்காத பள்ளி என்பதால் பெற்றோரும் கை தூக்கி ஆமோதிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

விண்ணரசி முன்வரிசையில் ஆஸ்பத்திரி யூனிபார்மோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் ஏற்கனவே காலியாக இருந்தன.

கைகள் எழும்பின. ஆமினா கையைத் தூக்கிக்கொண்டு கமருன்னிஸாவை முழங்கையால் இடித்தாள். கமருன்னிஸா இரண்டு கையையும் மடியில் வைத்துப் பர்தாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். துணிச்சலெல்லாம் ஒன்றுமில்லை. கை எழும்பவில்லை, அவ்வளவுதான்.

துரைராசு மேடையிலிருந்தே அதைப் பார்த்துவிட்டார். “ஹாஃபிஸா அம்மாவுக்குக் கை வலி போலருக்கு. பரவால்ல, ஏகமனதாகன்னே எழுதிக்கலாம்.”

“கை நல்லாத்தாங்க இருக்கு” என்று எழுந்தாள் கமருன்னிஸா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னாள். “கை நல்லாத்தான் இருக்கு. அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சுன்னு யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க. நானும் தூக்குறேன்.”

பக்கத்து மில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கிளமென்ட் மைக்கைக் கையில் எடுத்து, இவ்வளவு பேர் சேர்ந்து எடுத்த முடிவைத் தனியொருவர் எழுந்து கேள்வி கேட்பது கூட்டத்தையே மிரட்டுவதாகும், உண்மையில் இதைத்தான் புல்லித்தனம் என்கிறோம் என்று வருத்தத்தோடு விளக்கினார். ஆய்வாளர் அப்போதுதான் இளநீரைக் கீழே வைத்தார். பெற்றோரிலும் புல்லிகளைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு இந்தப் பள்ளியில் உண்டா, இருந்தால் சான்றிதழில் கூடுதலாக ஒரு நட்சத்திரம் தரலாம் என்றார்.

“இருக்குங்க சார்” என்றார் துரைராசு. “இன்னையிலேர்ந்து இருக்கு.”

ஒரு பிரிவுக்கு மாதம் ஒரு புல்லி என்பது விதி. ஏழாம் வகுப்பு ‘பி’க்குக் கமருன்னிஸாவை எடுத்துக்கொண்டால் இந்த மாதம் பிரின்ஸிக்கு அவசியமில்லை. துரைராசு ஆமோதிக்கக் கேட்டார். திரும்பக் கைகள் எழும்பின. ஆமினாவின் கை. அல்வா வாங்கித் தின்ற கைகள். முன்வரிசையில் விண்ணரசி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கழுத்து விறைத்திருந்தது. மெல்ல, மணிக்கட்டு மட்டும் தெரிகிற அளவுக்கு, அவள் கையும் மேலே போனது.

அதைப் பார்த்தபோது கமருன்னிஸாவுக்குக் கோபம் வரவில்லை. போன மாதம் ஹாஃபிஸாவுக்குப் பதில் வேறொருவர் என்றிருந்தால் தானும் இரண்டு கையையும் தூக்கியிருப்போம் என்று நினைத்தாள்.

கைகளை எண்ணுவது நட்புப் படையின் வேலை. பச்சைப் பட்டையோடு ஹாஃபிஸா ஒரு ஓரமாக மண்டபம் முழுக்க நடந்து, திரும்பி வந்து மேடையைப் பார்த்து, “எல்லாரும்” என்றாள். ஆய்வாளர் கைதட்டினார்.

வீட்டுக்கு வேனில் போக வேண்டாம் என்று கமருன்னிஸா நடந்தாள். ஆஷிகா கூப்பிட்டும் போகாமல் ஹாஃபிஸா பின்னாலேயே வந்தாள், கொஞ்சம் தள்ளி. ஆற்றுப்பாலம் வந்தது. வெட்டாற்றில் தண்ணீர் கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் ஹாஃபிஸா அருகே வந்து அம்மாவின் பர்தா நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாரும் தூக்கலம்மா.”

கமருன்னிஸா நின்றாள்.

“பின்னாடி வரிசையில சில பேரு தூக்கல. கீழ குனிஞ்சு செருப்பப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. எல்லாரும்னு சொல்லணும்னு துரைராசு சார் காலையிலயே சொல்லிட்டாரு. அதான் சொன்னேன்.”

இத்தனை நாள் தெருவில் ஒவ்வொரு முகத்தையும் பார்த்து இவள்தானா, இவள்தானா என்று கேட்டுக்கொண்டு நடந்த மனசு, இப்போது வேறு விதமாக அதே கேள்வியைக் கேட்டது.

“யாருடி தூக்காதது? பேரு தெரியுமா?”

ஹாஃபிஸாவுக்குத் தெரிந்திருந்தது. அது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு, பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பார்த்தாள்.

“பேரு சொல்லமாட்டேன்” என்றாள்.

கமருன்னிஸா மகளின் தோளிலிருந்த பச்சைப் பட்டையைக் கழற்றிச் சுருட்டித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“சொல்லாதே” என்றாள்.